மூடப்பட்ட நூற்றறுபது பலகைகள்: போரோபுதூரின் மறைந்த அடித்தளமும் மூவுலக விளக்கமும்

1. கேள்வி

நடு ஜாவாவின் கெடுச் சமவெளியில் நிற்கும் போரோபுதூரைப் பற்றிய எந்த வழிகாட்டி நூலைப் புரட்டினாலும் ஒரே விளக்கம்தான் முதலில் வருகிறது. கட்டடத்தின் அடிப்பகுதி காமதாது, அதாவது ஆசையின் உலகம். அதற்கு மேலுள்ள சதுர அடுக்குகள் ரூபதாது, உருவத்தின் உலகம். உச்சியில் உள்ள வட்ட அடுக்குகள் அரூபதாது, உருவமற்ற உலகம். கீழிருந்து மேலே ஏறும் பயணி ஆசையைக் கடந்து, உருவத்தைக் கடந்து, உருவமின்மையை அடைகிறார். அடிப்பகுதியின் சிற்பங்கள் கற்களால் மூடப்பட்டிருப்பதற்கும் இதே விளக்கம் காரணம் சொல்லிவிடுகிறது: ஆசையின் உலகம் கண்ணில் படக் கூடாது என்பதால் மூடிவிட்டார்களாம்.

கேட்பதற்கு இது நிறைவாக இருக்கிறது. பள்ளிப் பாடநூல்களிலும் அருங்காட்சியகப் பலகைகளிலும் இது ஐயத்துக்கு இடமில்லாத செய்தியாகவே நிலைத்துவிட்டது. ஆனால் இதைக் கட்டடத்தின் கல்லோடும் பௌத்த நூல்கள் சொல்லும் உலக அமைப்போடும் ஒப்பிட்டுப் பார்த்தால் ஏராளமான இடங்களில் முரண்படுகிறது. மூடப்பட்ட அடித்தளம் ஏன் மூடப்பட்டது, அதைக் கொண்டு போரோபுதூரின் முழுப் பொருளையும் விளக்க முடியுமா என்ற இரண்டையும் இக்கட்டுரை ஒரே கேள்வியாக எடுத்துக்கொள்கிறது.

2. கட்டடமும் கட்டியவர்களும்

போரோபுதூருக்குள் நுழைய அறை கிடையாது. கருவறையும் மண்டபமும் கிடையாது. இயற்கையான குன்று ஒன்றின் மேல், சாந்து இல்லாமல் அடுக்கிய ஆண்டிசைட் எரிமலைக் கற்களால் போர்த்திய படிமலை அது. ஏறத்தாழ 120 மீட்டர் பக்கமுள்ள அடித்தளம், அதன் மேல் சதுர அடுக்குகள், அவற்றில் இருபுறமும் சுவர் எழுப்பிய நான்கு சுற்றுப்பாதைகள், அவற்றுக்கு மேலே மூன்று வட்ட மேடைகள், நடுவில் பெருந்தூபி. வட்ட மேடைகளில் 32, 24, 16 என மொத்தம் 72 துளைச்சுவர்த் தூபிகள் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு புத்தர் அமர்ந்திருக்கிறார். சதுர அடுக்குகளின் மாடங்களில் 432 புத்தர்கள். ஆக மொத்தம் 504.

இதைக் கட்டியவர் யார் என்று சொல்லும் அடிக்கல் கல்வெட்டு எதுவும் கிடைக்கவில்லை. சிற்பப் பலகைகளில் கீறிய சிறு எழுத்துகளின் அமைதியைக் கொண்டும் சுற்றுவட்டாரக் கல்வெட்டுகளைக் கொண்டும் 8ஆம் நூற்றாண்டின் பிற்பகுதிக்கும் 9ஆம் நூற்றாண்டின் முற்பகுதிக்கும் இடைப்பட்ட காலத்தை ஆய்வாளர்கள் ஏற்கிறார்கள். கி.பி. 824, 842 ஆகிய ஆண்டுகளின் கல்வெட்டுகள் போரோபுதூரைக் குறிக்கக்கூடும் என்று கல்வெட்டறிஞர் தெ காஸ்பாரிஸ் வாதிட்டார். அப்போது அங்கே ஆதிக்கம் செலுத்தியவர்கள் சைலேந்திரர் மரபினர் என்பதே பொதுக்கருத்து.

சைலேந்திரர் என்ற பெயர் தமிழ் வாசகருக்குப் புதிதல்ல. ஏறத்தாழ இரண்டு நூற்றாண்டுகளுக்குப் பிறகு, ஸ்ரீவிஜயத்தின் சைலேந்திர குல மன்னர் மாறவிஜயோத்துங்கவர்மர் தம் தந்தை சூளாமணிவர்மரின் பெயரால் நாகப்பட்டினத்தில் ஒரு விகாரம் எழுப்பினார். அதற்கு ஆனைமங்கலம் என்ற ஊரை முதலாம் இராசராசர் தம் 21ஆம் ஆட்சியாண்டில் கொடையாக அளித்ததைப் பெரிய லெய்டன் செப்பேடு சொல்கிறது. நாகப்பட்டின விகாரத்துக்குக் கொடையாவணம் இருக்கிறது, கட்டடம் இல்லை. அதன் எச்சம் என்று கருதப்பட்ட செங்கல் கோபுரமும் 1867இல் இடிக்கப்பட்டுவிட்டது. போரோபுதூரில் கட்டடம் இருக்கிறது, ஆவணம் இல்லை. ஆவணம் இல்லாத கட்டடத்தின் நோக்கத்தை அதன் கல்லிலிருந்தேதான் படித்தறிய வேண்டும். மூடிய அடித்தளத்தின் மீது ஆய்வாளர்கள் இவ்வளவு கவனம் செலுத்தியதற்கு இதுவே காரணம்.

3. 1885: சுவருக்குள் இன்னொரு சுவர்

போரோபுதூரைச் சுற்றி இன்று அகலமான நடைமேடை போல ஒரு கல்தளம் இருக்கிறது. 1814இல் ஜாவாவின் ஆங்கிலேயத் துணை ஆளுநர் ராஃபிள்ஸ் அனுப்பிய கொர்னேலியஸ் என்ற டச்சுப் பொறியாளர் காட்டை வெட்டிச் சுத்தப்படுத்தியபோதும், அதன் பின் எழுபது ஆண்டுகள் வரையிலும் அந்தத் தளமே கட்டடத்தின் உண்மையான அடி என்று எல்லோரும் நம்பினார்கள். 1885இல் இரயில்வே பொறியாளரான எய்சர்மான், யோக்யகர்த்தாவில் புதிதாகத் தொடங்கிய தொல்லியல் கழகத்தின் தலைவர் என்ற முறையில் அடிப்பகுதியை ஆராய்ந்தபோது, கல்தளத்தின் உட்புறத்தில் முழுமையான இன்னொரு அதிட்டானம் இருப்பதைக் கண்டார். அதன் சுவரைச் சுற்றிலும் புடைப்புச் சிற்பப் பலகைகள் வரிசையாக இருந்தன.

1890, 1891 ஆண்டுகளில் மூடுகற்களைப் பகுதி பகுதியாக அகற்றி, 160 பலகைகளையும் படம் எடுத்துவிட்டு, மறுபடியும் மூடினார்கள். படம் எடுத்தவர் காசியான் செபாஸ். யோக்யகர்த்தா அரண்மனைக்கு ஒளிப்படம் எடுத்துவந்த ஜாவாக்காரர், அந்நாட்டு முதல் தொழில்முறை ஒளிப்படக் கலைஞராக அறியப்படுபவர். இந்தப் பலகைகளைப் பற்றி இன்றுவரை எழுதப்பட்ட ஒவ்வொரு வரியும் அவருடைய கண்ணாடித் தகடுகளுக்குக் கடன்பட்டிருக்கிறது. அறிஞர்களின் பெயர்களுக்கு நடுவே அவர் பெயர் ஒரு ஓரக்குறிப்பாக ஒதுங்கிவிடுவது நியாயமில்லை.

இரண்டாம் உலகப் போரின்போது, ஜப்பானியர் ஆட்சிக் காலத்தில், தென்கிழக்கு மூலையில் மட்டும் மூடுகற்கள் அகற்றப்பட்டன. அந்த மூலை இன்றும் திறந்தே இருக்கிறது.

மூடுவதற்குப் பயன்பட்ட கல் பதினோராயிரம் கன மீட்டருக்கும் மேல். போரோபுதூரின் மொத்தக் கல் ஏறத்தாழ 55,000 கன மீட்டர் என்று கணக்கிடுகிறார்கள். கட்டடத்தின் ஐந்தில் ஒரு பங்குக்கு நிகரான கல்லை, செதுக்கி வைத்த சிற்பங்களை மறைப்பதற்காக மட்டுமே கொண்டுவந்து கொட்டியிருப்பார்களா? இந்த ஐயத்திலிருந்துதான் விவாதம் பிறக்கிறது.

4. பலகைகளில் இருப்பது

ஒவ்வொரு பலகையும் ஏறத்தாழ இரண்டு மீட்டர் அகலம். கிழக்குப் படிக்கட்டிலிருந்து தொடங்கி, கட்டடத்தை வலப்பக்கம் வைத்து வலம்வருபவருக்கு ஏற்றபடி அவை அமைந்திருக்கின்றன. சுவரை நோக்கி நின்றால் பலகையின் வலப்பாதியில் செயல், இடப்பாதியில் அதன் விளைவு. பெரும்பாலான பலகைகளில் நடுவே ஒரு மரம் இரண்டையும் பிரிக்கிறது. ஆமையையும் மீனையும் உயிரோடு கொதிநீரில் இடும் மனிதர்கள் ஒரு பக்கம், அதே மனிதர்கள் நரகக் கொப்பரையில் வேகும் காட்சி மறுபக்கம். கொடுத்தவர், தொழுதவர், தாய் தந்தையரைப் பேணியவர் ஆகியோருக்கு மறுபக்கத்தில் செல்வமும் நற்பிறப்பும் வானுலகமும் கிடைக்கின்றன. குடித்துக் களித்து ஆடுவோர், தெருவில் இசைக்கும் கலைஞர்கள், நோயாளியின் தலையையும் வயிற்றையும் பிடித்துவிடும் உறவினர்கள், ஓலைக் குடிசைகள், நெற்களஞ்சியங்கள் என 9ஆம் நூற்றாண்டு ஜாவாவின் அன்றாட வாழ்க்கை வேறெங்கும் இவ்வளவு நெருக்கமாகப் பதிவாகவில்லை.

இவை எந்த நூலை அடியொற்றியவை என்பதைக் கண்டவர் பிரெஞ்சு அறிஞர் சில்வேன் லெவி. நேபாளத்தில் தாம் கண்டெடுத்த ‘மகாகர்மவிபங்கம்’ என்ற நூலின் சுவடிகளைக் கொண்டு அவர் இந்த அடையாளத்தை நிறுவினார். எந்த வினைக்கு எந்தப் பயன் என்று வகுத்துச் சொல்லும் நூல் அது. முதல் 117 பலகைகள் பல செயல்கள் ஒரே விளைவைத் தருவதையும், எஞ்சிய 43 பலகைகள் ஒரு செயல் பல விளைவுகளைத் தருவதையும் காட்டுகின்றன என்பது பரவலாக ஏற்கப்பட்ட பகுப்பு. 1989இல் யான் ஃபொன்டைன் இப்பலகைகளுக்கென்றே ஒரு நூல் எழுதி, லெவியின் அடையாளம் அடிப்படையில் சரி என்றாலும், எல்லாப் பலகைகளும் கைக்குக் கிடைத்த பாடத்தோடு வரிக்கு வரி ஒத்துப்போகவில்லை என்பதைக் காட்டினார். ஜாவாவின் சிற்பிகள் கையில் இருந்தது சற்று வேறான பாடம்.

சில பலகைகளின் மேல்விளிம்பில் பழைய ஜாவா எழுத்தில் வடமொழிச் சொற்கள் பொறிக்கப்பட்டிருக்கின்றன. ‘விரூப’, ‘ஸ்வர்க’, ‘சைத்யவந்தன’, ‘மகேசாக்ய’ என்பன போல ஓரிரு சொற்கள். இவை பார்வையாளருக்கான தலைப்புகள் என்று கருதுவது கடினம். கை போன போக்கில் கீறிய எழுத்துகள் இவை, சில பலகைகளில் மட்டும் எஞ்சியவை. இந்த இடத்தில் அழகற்ற உருவத்தினரைக் காட்டு, இந்த இடத்தில் தூபி வழிபாட்டைக் காட்டு என்று சிற்பிக்குத் தலைமைத் தச்சர் விட்டுச்சென்ற குறிப்புகள் அவை என்பதே பெரும்பாலோர் முடிவு. வேலை முடிந்ததும் அவை தேய்த்து அழிக்கப்பட்டிருக்க வேண்டும். அழிக்கப்படவில்லை. சில பலகைகளில் செதுக்கலும் முழுமை பெறவில்லை.

முழு விவாதத்திலும் வலுவான சான்று இதுவே என்பது என் கருத்து. சிற்பிகள் உளியோடு நின்றுகொண்டிருந்தபோதே வேலை நிறுத்தப்பட்டிருக்கிறது.

5. ஏன் மூடினார்கள்?

எய்சர்மான் ஒரு பொறியாளரின் பார்வையில் பதில் சொன்னார். மேலடுக்குகளின் பாரம் தாங்காமல் குன்றின் மண் வெளிநோக்கித் தள்ளியது, சரிவைத் தடுக்க அடியைச் சுற்றிக் கல் அணை கட்டினார்கள். பிரெஞ்சுக் கட்டடக் கலைஞர் தூமார்செ, 1970களின் சீரமைப்பின்போது கிடைத்த தரவுகளையும் சேர்த்து, போரோபுதூர் ஒரே திட்டத்தில் ஒரே மூச்சில் எழுந்த கட்டடமே அல்ல, பல கட்டங்களில் திட்டம் மாறி மாறி வளர்ந்தது என்று வாதிட்டார். மூடுதளத்தைச் சேர்த்தது அம்மாற்றங்களுள் ஒன்று. அவருக்கு முன்பே, 1924இல், பிரெஞ்சு அறிஞர் பார்மான்தியே வேறொரு கருதுகோளை முன்வைத்திருந்தார். உச்சியில் இப்போதுள்ள வட்ட மேடைகளுக்குப் பதிலாக மாபெரும் ஒற்றைத் தூபி ஒன்று எழுப்ப முதலில் எண்ணியிருக்கலாம், அதன் பாரமே அடித்தளத்தைக் குலைத்திருக்கலாம் என்பது அவர் ஊகம். அந்தப் பெருந்தூபி உண்மையில் திட்டத்தில் இருந்ததா என்பதற்குக் கல்லில் நேரடிச் சான்று இல்லை. ஆனால் திட்டம் நடுவில் மாறியது என்ற அவருடைய அடிப்படைக் கருத்தைப் பிற்கால ஆய்வு உறுதிப்படுத்தியது.

எதிர்த்தரப்பில் நிற்பவர் டச்சு அறிஞர் ஸ்டுட்டர்ஹைம். 1929இல் வெளியிட்ட நூலில் அவர்தான் போரோபுதூரை மூன்று தாதுக்களாகப் பகுத்து, அடித்தளத்தை ஆசையின் உலகமாகக் கொண்டார். அவர் வழி வந்தவர்களுக்கு மூடல் ஒரு விபத்தல்ல, சடங்கின் பகுதி. புதைக்கப்பட்ட உலகம் புதைந்துதான் இருக்க வேண்டும்.

இந்தத் தரப்பை எளிதாக ஒதுக்கிவிட முடியாது. காண்பதற்கென்று இல்லாமல் இருப்பதற்கென்றே வைக்கப்படும் பொருள்கள் பௌத்தத்தில் உண்டு. தூபியின் வயிற்றில் இடும் தாதுப் பேழையை யாரும் பார்ப்பதில்லை. கம்போடியாவின் அங்கோர் தோமில், தொழுநோய் மன்னன் மேடை என்று அழைக்கப்படும் கட்டுமானத்தில் சிற்பம் நிறைந்த ஒரு சுவருக்கு முன்னால் சிற்பம் நிறைந்த இன்னொரு சுவரை எழுப்பி, உட்சுவரை மூடியிருக்கிறார்கள். அங்கேயும் பாதாள உலகை மறைத்தார்கள் என்பவர்களும், சரிந்த சுவருக்கு முட்டுக் கொடுத்தார்கள் என்பவர்களும் இருக்கிறார்கள். அங்கோரில் வெளிச்சுவரிலும் உட்சுவரின் உருவங்களையொத்த சிற்பங்களைச் செதுக்கினார்கள். போரோபுதூரில் மூடுதளத்தின் வெளிமுகம் வெறுமையாக விடப்பட்டது. முட்டுக் கொடுப்பது மட்டுமே நோக்கம் என்றால் வினைப்பயன் காட்சிகளை வெளியே மறுபடி செதுக்கியிருக்கலாமே என்று ஸ்டுட்டர்ஹைம் தரப்பு கேட்டால், பொறியியல் விளக்கத்திடம் அதற்கு முழுமையான பதில் இல்லை.

ஆயினும் சடங்கு விளக்கம் அதைவிடப் பெரிய கேள்விகளுக்குப் பதில் சொல்லியாக வேண்டும். மறைப்பதே முதலிலிருந்து நோக்கம் என்றால், மறைக்க வேண்டியதை முதலில் முழுமையாகச் செதுக்கி முடித்திருப்பார்கள். பாதியில் நிறுத்தியிருக்க மாட்டார்கள். சிற்பிக்கான குறிப்புகள் கல்லில் எஞ்சியிருக்கா. செயலும் விளைவும் வலம்வருபவரின் நடைக்கு ஏற்ற வரிசையில் அமைந்திருப்பதே, அவை நடந்து பார்ப்பதற்காகத் திட்டமிடப்பட்டவை என்பதைக் காட்டுகிறது. மறைந்த அதிட்டானம் குமுதமும் பத்மமும் கொண்ட நிறைவான அங்க அமைப்போடு இருக்கிறது. வெளியில் தெரிய வேண்டிய அடிக்கு மட்டுமே இவ்வளவு பக்குவம் தேவை.

கட்டடம் ஆபத்தில் இருந்ததால் மூடினார்கள் என்பதுதான் கிடைத்துள்ள சான்றுகளோடு ஒத்துவரும் முடிவு. மூடியபின் அந்த மாற்றத்துக்குத் துறவிகள் சமயப்பொருள் கண்டிருக்கலாம். அதை மறுக்க வேண்டியதில்லை. காரணம் வேறு, பின்னால் கற்பித்த பொருள் வேறு என்ற எல்லை மட்டும் தெளிவாக இருக்க வேண்டும்.

6. மூவுலக விளக்கத்தின் உள்முரண்

மூடலுக்கான காரணத்தை ஒரு பக்கம் வைத்துவிட்டு, மூவுலகப் பகுப்பை மட்டும் தனியே எடுத்துக்கொண்டு பௌத்த உலகக் கோட்பாட்டோடு ஒப்பிடுவோம்.

காமதாது என்பது நரகம் மட்டுமோ மனித உலகம் மட்டுமோ அல்ல. நரகங்கள், விலங்குகள், பேய்கள், மனிதர், ஆறு தேவலோகங்கள் யாவும் அதில் அடங்கும். அந்த ஆறு தேவலோகங்களுள் நான்காவது துசிதம், அடுத்த புத்தராகப் பிறக்க இருக்கும் போதிசத்துவர் காத்திருக்கும் இடம். போரோபுதூரின் முதல் சுற்றுப்பாதையில், உட்சுவரின் மேல்வரிசையில், ‘லலிதவிஸ்தரம்’ என்ற புத்தசரிதம் 120 பலகைகளில் விரிகிறது. அது துசித லோகத்தில் தொடங்குகிறது. அதாவது ‘ரூபதாது’ என்று வழிகாட்டிகள் பெயர் சூட்டிய அடுக்கின் தொடக்கக் காட்சியே காமதாதுவில் நடக்கிறது. அதே வரிசையில் மாரன் தன் படையோடு சித்தார்த்தரைத் தாக்கும் காட்சி வருகிறது. பௌத்த மரபில் மாரன் காமதாதுவின் தலைவன். ஆசையின் அரசனை ஆசையற்ற உலகத்தின் சுவரில் சிற்பி ஏன் வைக்க வேண்டும்?

அதே பாதையிலும் அடுத்த பாதையிலும் 720 பலகைகளில் சாதகக் கதைகளும் அவதானக் கதைகளும் இருக்கின்றன. முயலாகவும் யானையாகவும் அரசராகவும் வணிகராகவும் போதிசத்துவர் பிறந்த பிறவிகள் இவை. ஆசையும் துயரும் நிறைந்த இந்த உலகத்தில்தான் அந்தக் கதைகள் அனைத்தும் நடக்கின்றன.

உச்சிக்குப் போனால் சிக்கல் இன்னும் கூர்மையாகிறது. அரூபதாது விடுதலை அல்ல. ஆழ்ந்த தியானத்தால் அடையக்கூடிய உயர்ந்த பிறவிநிலை, அவ்வளவே. அங்கே பிறந்தவரும் காலம் முடிந்தபின் மறுபடி பிறக்க வேண்டும். மூன்று தாதுக்களும் சேர்ந்ததே பிறவிச் சுழல். புத்தநிலை மூன்றுக்கும் அப்பாற்பட்டது. வட்ட மேடைகளை அரூபதாது என்று பெயரிட்டால், 72 புத்தர்களையும் பிறவிச் சுழலுக்குள் திரும்ப உட்காரவைத்துவிடுகிறோம். அரூபதாதுவுக்கு இடம் என்று ஒன்றில்லை என்றே வசுபந்துவின் ‘அபிதர்மகோசம்’ சொல்கிறது. இடமில்லாத ஒன்றுக்கு மூன்று மேடைகள் ஒதுக்குவது பொருந்தவில்லை.

அந்த 72 புத்தர்களும் காட்டுவது அறவாழி முத்திரை, தருமச் சக்கரத்தை உருட்டும் போதனையின் முத்திரை. உருவமற்ற மோனத்தின் அடையாளமாக அதைக் கொள்வது எளிதல்ல. கீழே முதல் நான்கு கைப்பிடிச்சுவர்களின் மாடங்களில் திசைக்கு ஒரு முத்திரை: கிழக்கில் நிலத்தைத் தொடும் கை, தெற்கில் கொடைக் கை, மேற்கில் தியானம், வடக்கில் அபயம். ஐந்தாவது கைப்பிடிச்சுவரில் நான்கு பக்கமும் விளக்கிச் சொல்லும் முத்திரை. இந்த அமைப்பு திசைகளின் புத்தர்கள் என்ற மகாயான, வச்சிரயானக் கோட்பாட்டோடு நன்றாகப் பொருந்துகிறது. மூன்று தாதுக்களோடு இதற்கு உறவே இல்லை.

ஸ்டுட்டர்ஹைம் ஆழ்ந்து படித்த அறிஞர். அவர் காலத்தில், இந்தப் பரந்த கட்டடத்துக்கு ஒரே சாவி இருந்தாக வேண்டும் என்ற நம்பிக்கை ஆய்வுலகில் வலுவாக இருந்தது. அவர் ஒரு கருதுகோளாக வைத்ததைப் பின்வந்தவர்கள் முடிந்த முடிவாக்கிவிட்டார்கள்.

7. நடையால் படிக்கும் கட்டடம்

மூவுலக விளக்கத்தை விலக்கினால் எஞ்சுவது என்ன? கட்டடமே நம் முன் நீட்டும் ஒரு நூல் எஞ்சுகிறது. இரண்டாம் சுற்றுப்பாதையின் உட்சுவரிலிருந்து நான்காம் பாதை வரை 460 பலகைகள் ‘கண்டவியூகம்’ என்ற மகாயான நூலுக்கு ஒதுக்கப்பட்டிருக்கின்றன. நூலின் முடிவாக வரும் பத்ரசரி வேண்டுதல் நான்காம் பாதையின் உட்சுவரில் இருக்கிறது. கதைச் சிற்பங்கள் மொத்தம் 1,460. அவற்றுள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கை ஒரே நூலுக்குக் கொடுத்திருக்கிறார்கள். கட்டியவர்களின் நெஞ்சில் எது முதலிடம் பெற்றிருந்தது என்பதை இதைவிட எது காட்டும்?

அந்த நூலின் நாயகன் சுதனன், ஒரு வணிகரின் மகன். மெய்யறிவைத் தேடி ஆசிரியருக்கு மேல் ஆசிரியராகச் சந்தித்துக்கொண்டே போகிறான். ஒவ்வொருவரும் தாம் அறிந்ததைச் சொல்லிவிட்டு, இதற்கு மேல் எனக்குத் தெரியாது, இன்னாரிடம் போ என்று அடுத்தவரிடம் அனுப்புகிறார். துறவிகள், அரசர்கள், ஒரு கணிகை, ஒரு மாலுமி, குழந்தைகள், இரவுத் தெய்வங்கள் எல்லோரும் அவனுக்கு ஆசிரியர்கள். அவன் தென்திசை நோக்கி நடக்கும் தொடக்கப் பகுதியிலேயே திராவிட நாட்டுப் பட்டினம் ஒன்றில் மேகன் என்ற திராவிட ஆசிரியரைச் சந்திக்கிறான். இறுதியில் மைத்ரேயர், சமந்தபத்ரர் என்ற போதிசத்துவர்களை அடைகிறான். 8ஆம் நூற்றாண்டின் இறுதியில் இந்நூல் கடல்வழியெங்கும் மதிக்கப்பட்டது. 795இல் ஒட்டர நாட்டு மன்னர் இதன் கையெழுத்துச் சுவடியைச் சீனப் பேரரசருக்குக் காணிக்கையாக அனுப்பினார், அது சீனத்தில் மொழிபெயர்க்கப்பட்டது. போரோபுதூர் எழுந்துகொண்டிருந்த அதே காலம்.

இந்தப் பலகைகளைக் கல்லில் பார்த்தால் முதலில் ஒரே மாதிரியாகத் தோன்றும். மறுபடி மறுபடி ஒரு இளைஞன் பணிந்து நிற்கிறான், மறுபடி மறுபடி யாரோ ஒருவர் பீடத்தில் அமர்ந்து பேசுகிறார். முதல் பாதையின் சாதகக் கதைகளில் உள்ள ஓட்டமும் நாடகமும் இங்கே இல்லை. வேகமாகக் கடந்துபோகும் பார்வையாளர்கள் இதைச் சலிப்பான பகுதி என்று ஒதுக்கிவிடுகிறார்கள். ஆனால் நடப்பவரின் நிலையும் சுதனனின் நிலையும் இங்கே ஒன்றாகிவிடுகின்றன. அவன் ஒருவரை வணங்கி விடைபெற்று அடுத்தவரிடம் போகிறான், நடப்பவரும் ஒரு பலகையை விட்டு அடுத்ததற்குப் போகிறார். எல்லா வரிசைகளையும் முறையாகப் படிக்க முதல் பாதையை நான்கு முறையும் மற்ற மூன்றையும் இரண்டிரண்டு முறையும் சுற்றிவர வேண்டும். ஆகப் பத்துச் சுற்று. இருபுறமும் உயர்ந்த சுவர், அடிக்கடி திரும்பும் மூலை, தலைக்கு மேலே மட்டும் வானம். நான்காம் பாதையைக் கடந்து வட்ட மேடைக்கு ஏறியவுடன் சுவர்கள் மறைகின்றன, சிற்பங்கள் முடிகின்றன, எரிமலைகள் சூழ்ந்த சமவெளி முழுவதும் திறந்துகொள்கிறது. இந்த வெளி அரூபதாதுவா என்று கேட்பதைவிட, சமந்தபத்ரரை அடைந்த சுதனனுக்குக் கிடைத்த எல்லையற்ற காட்சியா என்று கேட்பது கட்டடத்துக்கு நெருக்கமான கேள்வி. ஜூலி கிஃபோர்டு தம் 2011ஆம் ஆண்டு நூலில் காட்சியையும் தியானப் பயிற்சியையும் இணைத்துப் போரோபுதூரைப் படித்தது இந்தத் திசையில் முக்கியமான ஒரு முயற்சி.

இந்த வாசிப்பில் மூடப்பட்ட அடித்தளத்துக்கும் உரிய இடம் இருக்கிறது. வினைக்குப் பயன் உண்டு என்ற அறிவு முதற்படி. சுதனன் போன்றோரின் நெடும்பயணம் அதிலிருந்து தொடங்குகிறது. அடித்தளம் திறந்திருந்த முதல் திட்டத்தில் பயணி அதைப் பதினொன்றாவது சுற்றாக, எல்லாவற்றுக்கும் முதலில், நடந்திருப்பார். மூடல் அந்த முதற்படியை அவரிடமிருந்து எடுத்துக்கொண்டது. கட்டியவர்கள் அதை மனமுவந்து செய்திருப்பார்கள் என்று என்னால் நம்ப முடியவில்லை.

8. தென்கிழக்கு மூலை

1907 முதல் 1911 வரை தியோடர் வான் எர்ப் நடத்திய சீரமைப்பு பெரும்பாலும் மேல்மேடைகளோடு நின்றது. 1975 முதல் 1982 வரை யுனெஸ்கோவும் இந்தோனேசிய அரசும் சேர்ந்து நடத்திய பெரும் சீரமைப்பில் சதுர அடுக்குகளைக் கல் கல்லாகப் பிரித்து, வடிகால் அமைத்து, மறுபடி அடுக்கினார்கள். பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட கற்களைக் கையாண்ட பணி அது. அதற்குத் தலைமை தாங்கியவர் இந்தோனேசியத் தொல்லியலாளர் சூக்மோனோ. அப்போதும் மூடுதளத்தில் கைவைக்கவில்லை. அதைக் கலைத்தால் கட்டடம் மீண்டும் சரியலாம் என்ற அச்சம் நியாயமானது. மூடுதளம் இன்றும் முட்டுக் கொடுக்கும் அணையாகவே செயல்படுகிறது என்பது எய்சர்மானின் கருத்துக்குக் காலம் தந்த மறைமுக ஆதரவு.

ஆகவே 160 பலகைகளையும் ஒருசேர நேரில் பார்க்கும் வாய்ப்பு யாருக்கும் இல்லை. தென்கிழக்கு மூலையில் திறந்திருக்கும் சிலவே நேரடிச் சான்று. அங்கே குனிந்து பார்த்தால், கோணல் முகத்தோடு நிற்கும் மனிதர்களுக்கு மேலே ‘விரூப’ என்ற சொல் கீறலாக இருப்பதைக் காணலாம். இந்த மூலைக்கு அருகிலும் வழிகாட்டிகள் காமதாது என்றே சொல்லித் தருகிறார்கள். முடிக்கப்படாத வேலையின் தடயம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும்போது அதைச் சுட்டிக்காட்டாமல் போவது பார்வையாளருக்கும் இழப்பு, அந்தச் சிற்பிக்கும் அநீதி. திட்டம் மாறிய வரலாற்றைச் சொல்லும் ஒரு விளக்கப்பலகை அங்கே அவசியம் வேண்டும்.

மற்றப் பலகைகளுக்கு செபாஸின் படங்களே துணை. வளாகத்தில் உள்ள கர்மவிபங்க அருங்காட்சியகத்தில் அவற்றின் படிகளைப் பார்க்கலாம். அண்மை ஆண்டுகளில் ஜப்பானின் ரிட்சுமெய்க்கான் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இந்தப் பழைய ஒளிப்படங்களிலிருந்து சிற்பங்களின் ஆழத்தைக் கணினி வழியாகக் கணித்து, முப்பரிமாண வடிவில் மீட்டெடுக்க முயன்றுவருகிறார்கள். தென்கிழக்கு மூலையின் திறந்த பலகைகள் அந்தக் கணிப்பைச் சரிபார்க்கும் உரைகல்லாகப் பயன்படக்கூடும். அந்த முயற்சி முதிரும்போது, எந்தெந்தப் பலகைகளில் உளி எந்தக் கட்டத்தில் நின்றது என்பதைச் சுவர் முழுவதும் வரைபடமாக்கலாம். முற்றுப்பெறாத பலகைகள் ஒரு பக்கத்தில் குவிந்திருந்தால் அங்கேதான் சரிவு தொடங்கியிருக்கும் என்று கருத இடமுண்டு. நான்கு பக்கமும் சிதறிக் கிடந்தால் பொறியியல் விளக்கத்தையும் மறுபடி எடைபோட வேண்டியிருக்கும்.